புருவம் சேரும் வரை

போன மாதம் என் பேத்திக்கு இடது புருவத்தில் பாதி காணாமல் போய்விட்டது. கூடப் படித்தவளின் கல்யாணத்துக்காகக் கேகாலையில் ஒரு சலூனுக்குப் போயிருந்தாள். இரண்டு புருவங்களுக்கும் நடுவே சேர்ந்திருக்கும் முடியை மட்டும் எடுக்கத்தான் போனாளாம். சூடான மெழுகைப் பூசித் துணியை ஒட்டி இழுத்த பெண்ணின் கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

வீடு இரண்டுபட்டது. மருமகள் வெங்காயச் சாறு என்றாள். மகன் கைபேசியில் தேடித் தேடி ஒன்றுக்கொன்று முரணான ஏழு வைத்தியங்களைப் படித்துக் காட்டினான். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா மதிலுக்கு மேலாக ஒரு குப்பி எண்ணெய் நீட்டினார். எதற்கெடுத்தாலும் பதறுகிறவன் அந்த வீட்டில் நான்தான். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று தரம் பார்ப்பவன். அடை மழை பெய்தால் பின்பக்கத்து மண்மேடு சரிந்துவிடுமோ என்று, அதில் நட்டிருக்கும் பதினேழு கமுகு மரங்களும் நேராக நிற்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பவன். அப்படிப்பட்ட நான் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வரும்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்பிடித் தாத்தா தெரியும்?" என்று பேத்தி கோபத்தோடு திரும்பினாள்.

"வரும். ஓரத்துலதான் முதல்ல வரும். நடுவுல கடைசியாத்தான் சேரும்."

இன்று காலை அவளே என் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்து, ஜன்னலோரம் முகத்தைத் தூக்கிக் காட்டினாள். பூனைமுடி போலப் பதினோரு முடிகள் முளைத்திருந்தன. பன்னிரண்டாவது ஒன்று முடியா மையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சேர்ந்த புருவம் எங்கள் குடும்பத்துச் சொத்து. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கறுப்புக் கம்பளிப் புழு ஒன்று நெற்றியில் ஊர்வதுபோல ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு நெற்றிப்பொட்டு வரை ஒரே கோடாக ஓடும். எனக்கும் பிறவியிலேயே அப்படித்தான். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி றப்பரும் பாதித் தேயிலையுமாக இருந்த எங்கள் தோட்டத்தில் எங்களை யாரும் பெயர் சொல்லி அடையாளம் சொல்லமாட்டார்கள். புருவக்காரர் வீடு என்பார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். தோட்டத்து லய வரிசைகளில் அடிக்கடி ஏதாவதொரு வீட்டுக் காம்பரா காலியாகிக்கொண்டிருந்தது. பிரசாவுரிமை இல்லாத சனங்கள், இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பமும் போக வேண்டும் என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். அப்பாவை யாரும் கேட்கவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் முடிவு செய்தால் தம்பி தலையாட்டுவது எங்கள் வழக்கம். அண்ணனுக்கு முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா வந்தால் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் கிடக்கும் ஒரே முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அப்பா நின்றுகொள்வார்.

கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வேண்டும். இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில் பஸார் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போவதாகப் பெரியப்பா நாள் குறித்தார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். படத்தில் இருக்கிற முகம்தான் கப்பலேறும் முகமாக இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் மீசையோடு படம் எடுத்துவிட்டு, வழியில் நல்ல நேரம் பார்த்து மீசையை மழித்துக்கொண்டு, கப்பலேறும் தலைமன்னாருக்குப் போனாராம். 'இது நீ இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எந்தத் தோட்டம் என்று இரண்டு பேர் இரண்டு சமயம் கேட்டதற்குப் பெரியப்பா இரண்டு பெயர் சொன்னார். ஆனாலும் எல்லாரும் நம்பினார்கள். மீசை வைத்தவர்கள் அதைத் தொடவில்லை. வைக்காதவர்கள் வளர்க்கவில்லை. பெரியம்மா ஒற்றை மூக்குத்தியைக் கழற்றாமலே தூங்கினார்.

படம் எடுக்கும் நாள் காமன் கூத்து முடிந்ததும் என்று வைத்திருந்தார்கள். மாசி மாதம் காமன் கம்பம் நட்டுவிட்டால் விரதம் இருக்கும் வீட்டார் தோட்டத்தை விட்டு வெளியே போகமாட்டார்கள். எங்கள் தோட்டத்துக்குக் கூத்துப் பழக்குகிறவர் என் தாய்மாமா. அம்மாவின் தம்பி. பகலில் அப்பாவோடு ஒரே மலையில் றப்பர்ப் பால் வெட்டுவார். சாயங்காலம் தப்புக்காரர்களை வைத்துக்கொண்டு ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். எப்படியோ இந்த நாட்டுப் பிரசையாகப் பதிந்துகொண்டவர் அவர். இந்தியா போகும் பேச்சு எடுத்தாலே, "போறவங்க எல்லாரும் போங்க. இங்க காமனுக்கு அழ ஒரு ஆளாவது வேணாமா?" என்று எழுந்து போய்விடுவார்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு சிக்கல். முந்திய வருஷம் ரதியாக ஆடிய பையன் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டான். மன்மதன் இருந்தான், ரதி இல்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் குரல் நன்றாக இருக்கும். அழவும் நன்றாக வரும். அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஊர்வலம் போகும் நாள் மத்தியானம், கூத்து நடக்கும் காமன் பொட்டலுக்குப் பின்னால் இருந்த மாமாவின் காம்பராவில் எனக்கு வேஷம் கட்டினார்கள். சேலை, சவுரி, வளையல் எல்லாம் முடிந்தது. மாமா என் நாடியைப் பிடித்துத் தூக்கி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புருவத்த எடுக்கணும்டா."

"போன வருஷ ரதிக்கு எடுக்கலயே மாமா?"

"அவனுக்கு இருந்தது புருவம். ஒனக்கு இருக்கிறது வேலி. இதுக்கு மேல நான் எப்பிடி வில்லு வளைக்கிறது? கண்ண மூடு."

நான் முழுதாக மூடவில்லை. அவர் மடியிலிருந்து எடுத்த சவரக் கத்தியைப் பார்த்துவிட்டேன். எலும்புப் பிடியின் நுனி உடைந்து, கறுப்பு நூல் சுற்றியிருந்தது. பதினான்கு சுற்று. அது அப்பாவின் கத்தி. அதை அப்பா ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்திருப்பார். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போதுகூட அந்தச் சாவி இடுப்பில்தான் கிடக்கும். ஒரு தரம் டின் திறந்திருந்த நேரத்தில் நான் கத்தியைத் தொட்டேன் என்பதற்காக வாங்கிய அடி எத்தனை என்று சொல்லமாட்டேன், ஆனால் தெரியும்.

"மாமா, இது அப்பாவோட..."

"கண்ண மூடுன்னா வாயையும் சேத்து மூடணும். ஆடுன, காது போயிரும்."

தண்ணீர் தொட்டு வைத்த கத்தி நெற்றியில் குளிர்ந்தது. சரக் சரக்கென்று நான்கைந்து இழுப்பு. மடியில் கிடந்த சேலையில் என் புருவம் கொத்துக் கொத்தாக விழுந்தது. பிறகு விளக்குப் புகையைப் பிடித்து எண்ணெயில் குழைத்த மையால் மாமா இரண்டு வில் வளைத்தார். கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடியில் இருந்தவள் மிக அழகாக இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு நான் அழுத அழுகையைப் போல எங்கள் தோட்டத்தில் எந்த ரதியும் அழவில்லை என்று இன்றைக்கும் சில கிழவர்கள் சொல்வார்கள். மன்மதனைச் சிவன் எரித்ததற்காக அழுகிறேன் என்று பெண்கள் நினைத்து மூக்கைச் சிந்தினார்கள். மாமா அப்பாவின் கத்தியைத் திருடிவிட்டாரே, அகப்பட்டால் என்ன ஆகும் என்று நான் அழுதேன்.

மறுநாள் காலையில் அம்மா என்னைப் பீலிக்கரைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீரை விட்டுச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். வில் இரண்டும் கரைந்து ஓடின. அம்மாவின் கை நின்றுவிட்டது.

"ஐயோ! எம்புள்ள மூஞ்சி எங்கடி போச்சு?"

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "உரிச்ச பலாக்கொட்ட மாதிரி இருக்குடியம்மா" என்றாள். நான் கையால் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று எங்கேயும் தடுக்காமல் கை தலைக்கு ஏறியது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. பெரியப்பா வந்து முக்காலியில் உட்காராமல் நின்றார். அவரே நின்றால் விஷயம் பெரிது. மாமாவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மாப்ள, ஒனக்கு மண்டையில என்ன இருக்கு?" என்று அப்பா கத்தினார். அப்பா கத்தி நான் கேட்டது அபூர்வம். "படம் எடுக்கப் போற நேரத்துல புள்ள மூஞ்சிய மொட்டையடிச்சு வச்சிருக்கியே, இது மூஞ்சியா முட்டையா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு தரையைக் காலால் கீறினார். "வேரையா புடுங்கினேன் மச்சான்? வெட்டுனதுதானே. வளரும்."

"எப்ப வளரும்?"

"அத நான் எப்பிடிச் சொல்ல? அது புருவத்தக் கேக்க வேண்டியது."

பெரியப்பா யோசித்தார். "மையில வரைஞ்சு படத்த எடுத்துட்டா என்ன?"

அப்பா மிகப் பணிவாக, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார். "நீங்கதானேண்ணே சொன்னீங்க, படத்துல இருக்கிற மூஞ்சியோடதான் கப்பலுக்குப் போகணும்னு. மையோட எடுத்தா மையோட போகணும். அது தண்ணியும் காத்தும் அடிக்கிற எடம். கரைஞ்சு ஓடுச்சுன்னா புள்ளய எறக்கி விட்டுட மாட்டாங்களா?"

"வெறும் மூஞ்சியோடயே எடுப்போம்."

"போறதுக்குள்ள வளந்துட்டா அண்ணே?"

பெரியப்பாவின் புருவம் மேலே போய்க் கீழே வந்தது. தானே போட்ட கட்டளை. அதை மாற்றினால் பெரியம்மாவின் மூக்குத்தி முதற்கொண்டு எல்லாம் கேள்விக்குள்ளாகும். எரிச்சலில் என்னைப் பார்த்துக் கையை உதறினார். "அப்ப இவன இங்கேயே விட்டுட்டுத்தான் போகணும்!"

அவர் அதைக் கோபத்தில் சொன்னார். அது முடிவு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. எழுந்ததும் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் சின்னக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடுவேன். முதலில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. விரலால் எதிர்ப்பக்கமாகத் தடவினால் சொரசொரவென்று இருந்தது, அவ்வளவுதான். பிறகு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. புள்ளியை எண்ணுவதா, தலை தூக்கியதை மட்டும் எண்ணுவதா என்று எனக்குள்ளேயே வழக்கு நடந்து, தலை தூக்கியதை மட்டும் என்று தீர்ப்பாயிற்று. இடது ஒன்பது. வலது பதினான்கு. வலது எப்போதும் முந்திக்கொண்டே இருந்தது. அது எனக்கு ஒரு கவலை. ஒரு புருவம் மட்டும் வந்தால் என்னில் பாதியை மட்டும் கூட்டிப்போவார்களா என்றெல்லாம் யோசித்தேன். எண்ணுகிற இந்தப் பழக்கம் அங்கே முற்றியதுதான், பிறகு விடவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா சவரம் செய்யப் பெட்டியைத் திறந்தபோது நான் கதவோரம் நின்றேன். கத்தி டின்னுக்குள் இருந்தது. மாமா அதை எப்படியோ திரும்ப வைத்துவிட்டார். ஆனால் அப்பா கத்தியை விரித்தபோது பிடியின் இடுக்கில் குட்டையாக ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஃபூ என்று ஊதிவிட்டுச் சவரம் செய்யத் தொடங்கினார். கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, மாமா தப்பித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் என் பாடு சொல்ல வேண்டியதில்லை. "ஏய் ரதி, ஒம்புருஷன் எங்கடி? எரிஞ்சிட்டானா?" என்பார்கள். வாத்தியார் அதட்டுவார், அதட்டிவிட்டு அவரும் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தோள் குலுங்குவார். பஸாரில் மளிகைக்கடை முதலாளி சிங்களவர். என்னைக் கண்டதும், "ஏய், எஹிபெம நெத்தி கொல்லா!" என்று கடை முழுவதும் கேட்கக் கூப்பிட்டார். புருவமில்லாப் பையனே என்று அர்த்தம். நான் அழப் போவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு சின்னக் குப்பியில் விளக்கெண்ணெய் ஊற்றிச் சோளச் சக்கைத் துண்டால் அடைத்துக் கொடுத்தார். பூசு, நன்றாக வரும் என்று சிங்களத்தில் சொல்லித் தன் அடர்ந்த புருவத்தைத் தடவிக் காட்டினார். அவருக்கு அது அந்த எண்ணெயால் வந்ததுதான் என்று நான் நம்பினேன்.

நல்லவேளையாக அந்தக் குப்பி கிடைத்தது. ஏனென்றால் ஆரம்பத்தில் விளக்கு வைக்கும் நேரமெல்லாம் எனக்கு எண்ணெய் தடவிய அம்மா, கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். கேட்டால், "தீந்து போச்சு" என்றார். அடுப்படிப் பலகையில் போத்தல் பாதிக்கு மேல் இருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அம்மாவுக்கு அப்போது ஞாபகமறதி அதிகம் என்று நினைத்துக்கொண்டு, என் குப்பியைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து நானே பூசிக்கொண்டேன்.

பெரியப்பா வாரா வாரம் வந்து பார்த்தார். அவர் வருவதற்குள் அப்பா என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, நாடியைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து வைத்திருப்பார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. தோட்டத்தின் மேற்கே அப்பாவும் மாமாவும் இன்னும் சிலரும் சேர்ந்து நட்ட புதுமலை ஒன்று இருந்தது. பழைய றப்பரைப் பிடுங்கிவிட்டு, கன்று வைத்து, ஒட்டுக் கட்டி, மாட்டுக்கும் பன்றிக்கும் காவல் இருந்து வளர்த்த மரங்கள். இன்னும் கத்தி படாதவை. பால் வெட்டும் பருமன் வந்துவிட்டதா என்று அப்பா ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடிப்பதுபோல அளப்பார். அளந்துவிட்டுப் பட்டையைத் தட்டிக்கொடுத்து, "இன்னும் பருவம் வரல" என்பார். என் புருவத்தைப் பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னார்.

"எவ்வளவுடா வந்திருக்கு?" என்று பெரியப்பா கேட்பார். நான் எழுந்து நின்று வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொல்வேன்.

"இடது நூத்திப்பன்னெண்டு, வலது நூத்தியிருவது, பெரியப்பா."

"அப்புறம் என்ன? போதாதா?"

"நடுவுல எத்தனடா?" என்று அப்பா மெதுவாகக் கேட்பார்.

"நாலு."

"பாத்தீங்களாண்ணே. நடுவுல சேரலயே. நம்ம புருவமே அதுதானே. இத வச்சுத்தானே நம்மள யாருன்னு சொல்றாங்க."

பெரியப்பாவின் விரல் தானாகத் தன் நெற்றி நடுவுக்குப் போகும். நான் நாணித் தலைகுனிந்து நிற்பேன். அந்த நாலை நாற்பதாக்க என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். குளிக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர்கூடப் படாமல் கையால் மறைத்துக்கொண்டேன்.

கடைசியில் பெரியப்பா தன் குடும்பத்தை மட்டும் படம் எடுத்தார். கொஞ்ச காலத்தில் அவர்களுக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. றம்புக்கனை ரயில் நிலையத்துக்கு நாங்கள் வழியனுப்பப் போனோம். பெட்டி, மூட்டை, அம்மிக்கல் சுற்றிய சாக்கு என்று பெரியம்மாவைச் சுற்றிப் பதின்மூன்று சாமான்கள் கிடந்தன. அப்பா அண்ணனின் காலைத் தொட்டுவிட்டு எழுந்திருக்காமலே இருந்தார். பெரியப்பா அவரைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு நீளப் புருவங்களும் ஒரே மாதிரி துடித்ததை நான் கீழிருந்து பார்த்தேன்.

பிறகு பெரியப்பா குனிந்து கட்டைவிரலால் என் நெற்றி நடுவை அழுத்தினார். "சீக்கிரம் வளருடா. ஒனக்காகத்தான் ஒங்கப்பன் நிக்கிறான்."

"இருவத்தாறு வந்துருச்சு, பெரியப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளிலிருந்த துண்டால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். ரயில் போன பிறகும் அப்பா மேடையின் முனையில் வெகுநேரம் நின்றார். இத்தனைக்கும் காரணம் என் நெற்றி என்ற நினைப்பு என்னைக் கொன்றது. எங்கள் முறை வரும்போதும் அந்த நடு இடம் வெறுமையாக இருந்தால், இதே மேடையில் நான் தனியாக நின்று, அப்பாவும் அம்மாவும் ஏறிய ரயிலுக்குக் கையாட்ட வேண்டியிருக்கும். யார் வீட்டில் சாப்பிடுவேன் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். மாமா வீட்டில். ஆனால் மாமாவுக்குச் சமைக்கத் தெரியாது.

ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்தபோது எண்ணிக்கை தடுமாறியது. நடுவில் எது இடதின் முடி, எது வலதின் முடி என்று பிரிக்க முடியவில்லை. மறுபடி எண்ணினேன். மறுபடி தடுமாறியது. சேர்ந்துவிட்டது! கண்ணாடியைக் கையோடு எடுத்துக்கொண்டு புதுமலைக்கு ஓடினேன். அட்டைக்கடிகூடத் தெரியவில்லை.

அப்பா கயிறும் கையுமாக ஒரு மரத்தடியில் நின்றார். மாமா பக்கத்தில் இருந்தார்.

"அப்பா! சேந்துருச்சு! படம் எடுக்கப் போகலாம்!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா என் நாடியைத் தூக்கினார். இலைகளுக்கு நடுவே வந்த வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். இந்த முறை திருப்பிப் பார்க்கவில்லை.

"ம்" என்றார். "மழை விடட்டும். போகலாம்."

மாமா சட்டென்று மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு பட்டையில் எதையோ தேடினார். அவர் முதுகு குலுங்கியது. எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் மழை விடுவது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

"இப்ப என்னையும் கூட்டிட்டுப் போவீங்கதானேப்பா? இங்கேயே விட்டுட்டுப் போக மாட்டீங்கதானே?"

அப்பாவின் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. "யாருடா ஒன்ன விட்டுட்டுப் போறது?"

"பெரியப்பா சொன்னாரு. புருவம் வராட்டி என்ன விட்டுட்டுத்தான் போகணும்னு."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமாவின் முதுகு இப்போது குலுங்கவில்லை. இத்தனை நாளும் இந்தப் பையன் இதையா சுமந்துகொண்டிருந்தான் என்பதுபோல இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அப்பா செய்யாத ஒன்றைச் செய்தார். பத்து வயதுப் பையனை, பால் கறை படிந்த தன் சட்டையோடு சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டார்.

"கிறுக்குப் பயலே. நீ இருக்கிற எடத்துலதான்டா நாங்க. ஒன்ன விட்டுட்டு நான் எங்கடா போவேன்?"

அவர் தோளில் கிடந்தபோது எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்படியொரு நிம்மதி அதற்குப் பிறகு எனக்கு வாய்த்தது மிகச் சில தடவைதான். மாமா கயிற்றை எடுத்து, வேண்டுமென்றே என் தலையைச் சுற்றி அளந்து, "பருவம் வந்துருச்சு மச்சான்" என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் நானும் குலுங்கினேன்.

மழை விடவில்லை. புதுமலை மரங்களுக்கு உண்மையிலேயே பருவம் வந்தது. அப்பா முதல் கீறல் போட்டபோது வெள்ளையாக இறங்கிய பாலை ஒரு சொட்டுத் தொட்டு என் நெற்றி நடுவில் வைத்தார். அது காய்ந்து, உரித்து எடுத்தபோது, சேர்ந்த இடத்திலிருந்து மூன்று முடிகளைச் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. யாரும் பதறவில்லை. ஸ்டூடியோப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும் கொஞ்ச நாளில் மறந்துபோனேன். காலம் போகப் போகச் சட்டங்கள் மாறின. எங்களுக்கும் இந்த நாட்டு அடையாள அட்டை கிடைத்தது. அதற்காக எடுத்த படத்தில் என் புருவம் ஒரே கோடாக, யாரும் சந்தேகிக்க முடியாதபடி கிடக்கிறது.

பெரியப்பா நீலகிரியில் வேலை பிடித்துக்கொண்டார். அங்கேயும் தேயிலைதான். காலம் தவறாமல் கடிதம் போடுவார். ஒவ்வொன்றின் கடைசியிலும், 'பையனுக்குப் புருவம் சேர்ந்துவிட்டதா?' என்று கேட்டிருப்பார். நான் மீசை வைத்து, வாத்தியார் வேலைக்குப் போன பிறகும் கேட்டார். 'இன்னும் கொஞ்சம் இருக்கிறது அண்ணே' என்று அப்பாவும் சளைக்காமல் எழுதுவார். வயதான காலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

ஆனால் என் புருவம் போனதில் யார் யார் கை இருந்தது என்பதெல்லாம் பத்து வயதில் எனக்கு எட்டவில்லை. எட்டியதெல்லாம் ஒன்றுதான். பூட்டிய பெட்டிக்குள், டின்னுக்குள் இருந்த கத்தியை, அப்பாவின் இடுப்பை விட்டு ஒரு நாளும் கழலாத சாவியால் திறந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து, வேலையை முடித்து, யாருக்கும் தெரியாமலே திரும்ப வைத்திருக்கிறாரே! மாமாவைப் போல ஒரு கெட்டிக்காரத் திருடன் இந்தத் தோட்டத்திலேயே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரைக் காட்டிக் கொடுக்காமல் இருந்ததற்காக எனக்கு என்மேலேயே பெருமையாகவும் இருந்தது.